விசாப் படிவமும் வாய்மையும்



விசாப் படிவம் நிரப்பாத வீடு நம்மவர் மத்தியில் இல்லை என்றே சொல்லலாம். ஊரிலிருக்கும் அம்மாவை அழைக்க ஒரு படிவம், சிதம்பர தரிசனத்துக்குப் போக இந்தியத் தூதரகத்துக்கு ஒரு படிவம், காலம் முடிந்தால் மறுபடியும் ஒரு படிவம். அடியேன் கணக்காளன் என்பதால், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோவையும் கையுமாக என்னைத் தேடி வருபவர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு கோவை என் மனதில் எழுப்பிய வினாவையே இங்கு எழுத முற்படுகிறேன். விசாப் படிவத்தில் எழுதப்படும் பொய் பாவமா?

2018 ஆம் ஆண்டில், நான் பெரிதும் மதிக்கும் அண்ணர் ஒருவர் வந்தார். வவுனியாவில் தனித்திருந்த தாயாரைத் தம் மகளின் திருமணத்துக்கு லண்டனுக்கு அழைக்க விரும்பினார். கையிருப்போ குறைவு. "தம்பி, ஒரு நாலாயிரம் பவுணை ரண்டு மாதத்துக்கு என்ரை கணக்கிலை போட்டுவிடும், பிறகு திருப்பித் தாறன். என்ரை வருமானத்தையும் கொஞ்சம் கூட்டி ஒரு கடிதம் தாரும்" என்றார். என்னால் இயலாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீர் வரேக்கை ஆற்றை பாஸ்போட்டிலை வந்தனீர்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. 2007 இல் வேறொருவர் பெயரிலிருந்த கடவுச்சீட்டுடன் ஹீத்ரோவில் இறங்கியவன் நான். பொய்யால் உயிர் தப்பியவனுக்குப் பிறருக்கு உண்மையைப் போதிக்க என்ன உரிமை?

முதலில் என்னுடைய பொய்யை எடுத்துக்கொள்வோம். 1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. 1987 இல் உரிய பத்திரமில்லாத பயணி ஒருவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆயிரம் பவுண் அறவிடும் சட்டம் வந்தது. புகலிடம் கேட்பதற்கு நாட்டினுள் வந்தாக வேண்டும். வருவதற்கு விசா வேண்டும். புகலிடம் கேட்கத்தான் வருகிறேன் என்று உண்மையைச் சொன்னால் அதற்கென ஒரு விசா கிடையாது. உயிருக்கு அஞ்சி ஓடுபவனுக்கு உண்மையின் வாசல் அடைபட்டிருந்தது என்பதே நடைமுறை.

இதை உலகமும் உணர்ந்திருந்தது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை, சட்டமுறையின்றி வந்தமைக்காக அகதியைத் தண்டிக்கலாகாது என்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்ற வேண்டும். தக்க காரணம் காட்ட வேண்டும்.

கணக்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொங்கல் கணக்கைத் தெரிந்திருக்கும். பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் இடுவோம். பிழையைக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். திறந்தபடி விட்டால் அது கணக்கல்ல, மறைப்பு. நான் ஹீத்ரோவில் முதலில் கண்ட அதிகாரியிடமே, "இது என்னுடைய கடவுச்சீட்டல்ல, என் பெயர் இது" என்று சொன்னேன். அந்தப் பொய் அன்றே மூடப்பட்டது. அதனால் எவருக்கும் தீங்கில்லை என்பதும் என் நம்பிக்கை. குற்றமற்ற நன்மை விளையுமிடத்தில் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவப் பெருந்தகை இடமளித்ததும் இத்தகைய வேளைக்கே எனக் கருதுகிறேன்.

அண்ணர் கேட்ட கடிதம் இவ்வகையினதா? அல்ல. அது ஒருபோதும் மூடப்படாத பொய். அத்துடன், அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறொருவர். விண்ணப்பத்தில் மோசடி இருப்பதாகத் தீர்மானித்தால் பத்து ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம். கையெழுத்திடுபவன் லண்டனில் இருப்பான். பத்தாண்டுத் தடை வவுனியாவிலுள்ள கிழவியின் தலையில் விழும். வங்கிக்கூற்றில் திடீரென முளைக்கும் நாலாயிரத்தைக் கண்டு ஏமாந்த அதிகாரி, அடுத்த கோவையைச் சந்தேகக் கண்ணுடனேயே திறப்பார். அந்தக் கோவை பொய்யே அறியாத ஒரு தாயினுடையதாக இருக்கலாம்.

தூதரகங்கள் குற்றமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. "நீர் திரும்பிப் போவீர் என்பதில் எமக்குத் திருப்தியில்லை" என்ற ஒரு வரியில் எத்தனையோ பேரப்பிள்ளைகளின் எதிர்பார்ப்பு முடிந்துபோகிறது. குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு இருந்த முழுமையான மேன்முறையீட்டு உரிமையும் 2013 யூனில் நீக்கப்பட்டது. உண்மையைக் கேட்பவனுக்கு அதைப் பொறுமையாக வாசிக்கும் கடமையும் உண்டு. அவன் தன் கடமையில் தவறுகிறான் என்பதற்காக நம்முடைய கடமை நீங்கிவிடாது.

இவ்வளவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

அண்ணர் தம்மிடமிருந்த சிறு தொகையைக் காட்டியே விண்ணப்பித்தார். விசா மறுக்கப்பட்டது. அப்பாச்சி இல்லாமலே திருமணம் நடந்தது. மறு ஆண்டு அந்தத் தாய் காலமானார். செய்தி கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பொய்க் கடிதம் கொடுத்திருக்கலாமோ என்ற எண்ணம் அல்ல என்னை வாட்டியது. வேறொன்று.

வருபவரின் செலவை மூன்றாம் ஆள் ஒருவர் பொறுப்பேற்கப் பிரித்தானிய விதிகளில் இடமுண்டு. உறவோ நட்போ உண்மையானதாகவும், பணம் அவருடையதாகவும், அவர் சொன்னபடி உதவக்கூடியவராகவும் இருந்தால் போதும். இது எனக்குத் தெரியும். "அம்மாவின் பயணச் செலவை நான் ஏற்கிறேன், இதோ என் வங்கிக்கூற்று" என்று என் பெயரில் ஒரு மெய்யான கடிதம் எழுதியிருக்கலாம். அதற்கும் விசா மறுத்திருப்பார்களோ என்னவோ, அது வேறு விடயம். பொய்யாகக் காட்டக் கேட்ட பணத்தை மெய்யாகக் கொடுக்க நான் முன்வரவில்லை. ஆலய வாசலில் நின்று "இயலாது" என்று சொல்லிவிட்டு, சுத்தமான மனச்சாட்சியுடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

என் உண்மை எனக்கு ஒரு சதமும் செலவு வைக்கவில்லை. செலவு முழுவதும் அவருடையது. அண்ணரின் கேள்விக்கு இன்று என்னிடம் பதிலுண்டு. பொய்யில் வந்தவனுக்கும் உண்மையைப் பேச உரிமை உண்டு, அந்த உண்மையின் சுமையில் ஒரு பங்கைத் தானும் தூக்குவானாகில்.

ஆகவே அடியேனின் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். பொய்க் கடிதம் கேட்டு வருபவரை வெறுங்கையுடன் அனுப்பாதீர்கள். மறுத்துவிட்டு உட்காருங்கள். கோவையைத் திறந்து பாருங்கள். எந்த உண்மை குறைவாக இருக்கிறது, அதில் எதை நம்மால் நிரப்ப முடியும் என்று யோசியுங்கள்.

அண்ணர் இன்றும் தேர்த் திருவிழாவில் எனக்குப் பக்கத்தில் நின்று வடம் பிடிக்கிறார். சிரித்த முகத்துடன் கதைக்கிறார். ஆனால் கோவை எதையும் பிறகு என்னிடம் கொண்டுவந்ததில்லை.