சங்கின் சொந்தப் பெயர்

எங்கள் வீட்டுப் பூசை அலமாரியில் ஒரு வெண்சங்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அப்பா யாத்திரை போன இடத்தில் வாங்கி வந்தது. எந்தக் கடை, என்ன விலை என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. 'வலம்புரி' என்ற ஒரு சொல் மட்டும் வீட்டில் தங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சார்த்துவாள்.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் வந்திருந்தார். இளமையில் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். அலமாரியைப் பார்த்ததும் கைகழுவிவிட்டு வந்து சங்கை எடுத்தார். காதில் வைத்துப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவும் இல்லை. சங்கின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு உள்ளே தடவினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "மதினி, இது நம்ம கடல் சங்கு இல்ல" என்றார்.

"அப்ப எந்தக் கடல்?" என்று கேட்டாள் அம்மா. அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் வலம், இடம் என்பதையே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் மரபு சங்கின் நீண்ட வாலை மேலே பிடித்து, வாய் நம்மைப் பார்க்கும்படி வைக்கிறது. வாய் வலப்பக்கம் அமைந்தால் வலம்புரி. அறிவியல், ஊதுவதற்காக நாம் வெட்டுகிற சுருள் முனையை மேலே வைத்துப் பார்க்கிறது. அப்போது அதே வாய் இடப்பக்கம் போய்விடும். நாம் வலம்புரி என்பதை அவர்கள் இடஞ்சுழி என்கிறார்கள். சங்கு மாறவில்லை, பிடித்த கைதான் மாறுகிறது. நம் கடலில் எடுக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள். அதனால்தான் அதற்கு அத்தனை விலை. அந்த விலையால்தான் அத்தனை பொய்.

காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும், அதுதான் அடையாளம் என்றார்கள் சிலர். எந்தச் சங்கும் அப்படித்தான் ஒலிக்கும். நம்மைச் சுற்றியுள்ள ஓசையையே அதன் குழிவு திரட்டித் திருப்பித் தருகிறது. நாம் கேட்க விரும்புவதை நமக்கே சொல்லும் சோதனை அது. உறவினரின் விரல் செய்ததோ வேறு வகைச் சோதனை. அது சங்கிடமே கேட்டது.

சங்கின் நடுவே ஒரு தூண் இருக்கிறது. சுருள் முழுவதும் அதைச் சுற்றியே வளர்கிறது. உள்ளே வாழும் உயிர் தன் தசையால் அந்தத் தூணைத்தான் பற்றிக்கொண்டிருக்கும். நம் கடல் சங்கின் தூணில் மூன்று நான்கு மடிப்புகள் வரப்புபோலத் திரண்டு நிற்கும். வெளிப்புறத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நம் சங்கு கடலிலிருந்து வரும்போது பழுப்புத் தோல் போர்த்தியே வருகிறது. அதை நீக்கித்தான் வெண்மை காண்கிறோம். தேய்க்கலாம், வெளுக்கலாம், மெருகேற்றலாம். தூணின் மடிப்பைப் புதிதாக உண்டாக்க முடியாது. எங்கள் சங்கின் தூணில் அந்த வரப்புகள் இல்லை.

'நம் கடல் சங்கு இல்லை' என்று விரல் சொன்னதிலிருந்து, வேறு எது என்று தேடினேன். சங்குகளைப் பற்றிய நூல்களில் படங்களை ஒப்பிட்டுக்கொண்டே போனபோது விடை கிடைத்தது. மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்திலும் வாழும் ஒரு சங்கு அது. மேனியில் மின்னல்போலப் பழுப்புக் கீற்றுகள் ஓடுவதால் அங்கே அதை மின்னல் சங்கு என்றே அழைக்கிறார்கள். வெயிலும் வயதும் அந்தக் கீற்றுகளை அழித்துவிடும். அந்த இனம் ஏறக்குறைய முழுவதுமே, நம் கணக்கில், வலம்புரி. அங்கே பிறக்கும் பிள்ளைகள் அநேகமாக எல்லாம் அப்படித்தான் சுருள்கின்றன. சொந்த ஊரில் சாதாரணமாக இருந்தது, நம் ஊர்க் கடைக்கு வந்ததும் அதிசயமாகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் எனக்கு வந்தது கோபம். அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம். 'போலி' என்ற சொல் வாய் நுனிவரை வந்தது. அந்தச் சங்கைப் பற்றி மேலும் படித்த பிறகே அந்தச் சொல் பின்வாங்கியது.

1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இந்தச் சங்குக்கு வைத்த லத்தீன் பெயர், 'மாறாகத் திரும்பியது' என்று பொருள்படும். பிற சங்குகளை வைத்து இதை அளந்த பெயர். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அமெரிக்கப் பழங்குடி மக்கள் இதைப் புனிதமாக வைத்திருந்தார்கள். கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் உள்நாட்டில், மிசிசிப்பி ஆற்றங்கரையை அடுத்த கஹோக்கியா நகருக்கு இந்தச் சங்கு பயணம் போயிருக்கிறது. சடங்குகளில் பானம் அருந்தும் கிண்ணமாக இதைக் குடைந்தார்கள். ஓக்லஹோமாவின் ஸ்பைரோ மேட்டில் கிடைத்த சங்குக் கிண்ணங்களில் நுட்பமான உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1987 முதல் டெக்சாஸ் மாநிலத்தின் சின்னச் சங்கும் இதுதான். நம் கடல் சங்கு வங்காளத்து மணப்பெண்ணின் கையில் வளையாக ஏறியதைப் போலவே, அதுவும் தன் மண்ணில் மனிதர் வாழ்வோடு கலந்து வந்திருக்கிறது.

அது போலி இல்லை. அது முழுமையான, உண்மையான மின்னல் சங்கு. நம் கடலின் அரிய வலம்புரி என்று அதன் மேல் ஒட்டிய பெயர்தான் பொய். அந்தப் பொய்யை அது சொல்லவே இல்லை. தன் ஊரை எப்போதும் உள்ளே தாங்கிக்கொண்டுதான் இருந்தது. முப்பது ஆண்டுகளாக நாங்கள்தான் விரலை உள்ளே விட்டுக் கேட்கவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அங்கேயும் அதப் புனிதமா வச்சிருந்தாங்களா?" ஆமாம் என்றேன். சங்கைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. விற்பவருக்குத்தான் வலம்புரி என்ற பெயர் தேவைப்பட்டது; அம்மாவின் கைகளுக்கு அது என்றுமே தேவைப்படவில்லை. விலைக்குத்தான் பொய்ப் பெயர் வேண்டும். மதிப்புக்கு உண்மைப் பெயரே போதும். ஒன்றை அதன் சொந்தப் பெயரால் அறிந்த பிறகும் நம் அன்பு நிற்குமானால், அது அந்தப் பொருளின் மேலேயே வைத்த அன்பு. பெயர் போனதும் அன்பும் போய்விடுமானால், நாம் அதுவரை வணங்கியது விலைச்சீட்டை.

உங்கள் வீட்டிலும் ஊர் தெரியாத ஒரு சங்கு இருக்கலாம். பயப்படாமல் எடுங்கள். வாய்க்குள் விரலை விட்டு அதன் தூணைத் தொட்டுப் பாருங்கள். அது என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டபின் பத்திரமாக அதே இடத்தில் வையுங்கள்.