பயிற்சி ஆசிரியரும் பிறர் பிள்ளைகளும்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. அது 'பேரை' அன்று, 'வேரை' என்பதே சரியான பாடம் எனத் திருத்துவாரும் உளர். ஆயிரம் மூலிகை வேர்களைப் பிடுங்கி ஆராய்ந்தவனே மருத்துவன் ஆவான் என்பது அவர்தம் விளக்கம். மருத்துவனுக்கு அந்தத் திருத்தம் ஆறுதல் தரலாம். ஆசிரியருக்கு அது கிட்டாது. கற்பிக்கக் கற்றுக்கொள்பவரின் கைக்கு வருவன வேரும் தழையும் அல்ல. பேரும் ஊரும் உடைய பிள்ளைகள்.

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராக விரும்புவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வழியே வருகின்றனர். கல்வியியல் பட்டப்படிப்பை முடித்து வருவோர் உண்டு. வேறொரு துறையில் பட்டம் பெற்றபின் கல்வியியல் பயிற்சி பெற்று வருவோரும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் கல்வியியல் பிரிவு தோன்றியது. 1922-இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தஞ்சோங் மாலிமில் தொடங்கப்பெற்ற நிறுவனம், 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழாசிரியர்களுக்கான பட்டப்படிப்பும் இன்று அங்கு உண்டு. எவ்வழி வந்தாலும் ஒரு வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். உளவியலும் கற்பித்தல் முறைகளும் படித்துத் தேறினால் மட்டும் போதாது. சில மாதங்கள் ஒரு பள்ளிக்குச் சென்று, உண்மையான வகுப்பில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

அந்த மாதங்களைப் பற்றிய பேச்செல்லாம் பயிற்சியாளரைச் சுற்றியே நடைபெறுகிறது. குரல் எட்டியதா, வகுப்பு அடங்கியதா, மேற்பார்வையாளர் எத்தனை புள்ளி இட்டார் என்பனவே கேள்விகள். எதிரே அமர்ந்திருந்த இருபது பேரை யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு அது பயிற்சி அன்று; அவர்களுடைய இரண்டாம் படிவம். அவர்கள் வாழ்வில் ஒருமுறையே வருவது. வேற்றுமை உருபுகளை அரைகுறையாகக் கற்பித்த பயிற்சியாளர், அடுத்த பள்ளியில் தம்மைத் திருத்திக்கொள்வார். அப்பிள்ளைகளோ அந்த அரைகுறையோடு மூன்றாம் படிவத்திற்குப் போவார்கள்.

இந்த இழப்பை எவரும் அறியாமல் இல்லை. ஐந்தாம் படிவத்தைப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கப் பள்ளிகள் தயங்குவது எதனால்? எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வகுப்பு அது. ஆகவே கீழ்ப்படிவம் ஒன்று கொடுக்கப்படுகிறது. பெற்றோர் வந்து கேள்வி கேட்காத வகுப்பாயின் தயக்கம் இன்னும் குறைவு. பயிற்சிக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும், வாய் திறவாதாரிடமே அந்த விலை கேட்கப்படுகிறது என்பதையும் இந்த ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது.

தமிழ் வகுப்பில் இவ்விலை இன்னும் கூடுதலானது. இடைநிலைப்பள்ளியின் கால அட்டவணையில் தமிழ் தானாக வந்து அமர்ந்துவிடுவதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்படும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் ஏற்பாடு. பல பள்ளிகளில் மற்றப் பாடங்களெல்லாம் முடிந்தபின், பசியோடும் களைப்போடும், பேருந்தைத் தவறவிட்டும் அவ்வகுப்புக்காகப் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அப்படிக் காத்திருந்த பிள்ளை சில மாதங்கள் சலித்துப்போனால், ஐந்தாம் படிவத்தில் தமிழை எடுக்காமலே விட்டுவிடலாம். கணக்கில் ஒருமுறை தவறாகப் பயின்றவன் கணக்கை விட்டு ஓடிவிட முடியாது. தமிழை விட்டு ஓட முடியும்.

அப்படியானால் பயிற்சியே கூடாதா? அவ்வாறு சொல்வது பேதைமை. நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் இல்லை. இன்று ஊரார் போற்றும் ஆசிரியரும் ஒரு காலத்தில் கரும்பலகையின் முன் கைந்நடுங்க நின்றவரே. அவர் தடுமாறிய வகுப்பின் பிள்ளைகள் இழந்ததைப் பின்வந்த பல வகுப்புகள் பெற்றன. கொடுத்தவரிடமே திருப்பித் தர முடியாத கடன் இது. வேறு பிள்ளைகளிடமே அடைக்கப்படுவது. இந்த அளவில் பயிற்சி நியாயம் பெறுகிறது. ஆயினும் கடன் என்று அறிந்து நடப்பவர் வேறு; உரிமை என்று எண்ணி நடப்பவர் வேறு.

மேற்பார்வையாளர் வரும் நாளில் அந்த வேறுபாடு தெரிந்துவிடும். சில வகுப்புகளில் முதல்நாளே அப்பாடம் ஒருமுறை நடத்தப்பட்டுவிடுகிறது. எந்தக் கேள்விக்கு யார் கையுயர்த்துவது என்பது வகுப்புக்குத் தெரியும். பீடிகைக்குப் பாட்டு, வண்ண அட்டைகள், குழு நடவடிக்கை எல்லாம் ஒத்திகை பார்த்த நாடகம்போல் நடந்தேறும். மெல்லக் கற்கும் மாணவன் ஒருவன் அன்று நூலகத்திற்கு அனுப்பப்படுவதும் உண்டு. பிள்ளைகள் இதற்கு உடன்படுவது அச்சத்தால் அன்று; 'பாவம், நம் ஆசிரியை' என்னும் இரக்கத்தால். அந்த அன்பைச் செலவழித்தே புள்ளி வாங்கப்படுகிறது. ஆசிரியராகத் தகாதவர் இன்னார் என்று கூறவந்த நன்னூல் முடத்தெங்கை ஓர் உவமையாக வைத்தது. ஒருவர் நீரூற்றி வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அடுத்த மனையில் காய் உதிர்க்கும் தென்னை அது. பவணந்தியார் மேற்பார்வை நாளைக் கண்டவர் அல்லர். ஆயினும் உவமை பொருந்தித்தான் வருகிறது.

இதனினும் நுண்ணிய பொய் ஒன்று பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது. பாடம் முடிந்தபின் 'சிந்தனை மீட்சி' எழுத வேண்டும் என்பது முறை. '20 மாணவர்களில் 17 பேர் பாட நோக்கத்தை அடைந்தனர்' என்று முதல்நாள் இரவே எழுதி முடிக்கப்பட்ட குறிப்பேடுகளை ஆசிரியர் உலகம் அறியும். பாடம் இன்னும் நடக்கவில்லை. அதற்குள் மூவர் தோற்றுவிட்டனர். அந்த மூவர் யார் என்று கேட்டால் பெயர் இல்லை. நேரமின்மையால் நேர்ந்த சிறு குற்றம் என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் ஒரு வகுப்பைப் பற்றி அவர் ஆசிரியராக நின்று எழுதும் முதல் சாட்சியம் அது.

பழி முழுவதையும் பயிற்சியாளர்மீது சுமத்துவது அறமாகாது. குறையற்ற பாடத்திற்கே புள்ளி என்று மதிப்பீடு அமைந்தால், குறையை மறைக்கவே எவரும் கற்பர். 'இன்று எழுவருக்கு விளங்கவில்லை. நான் விரைந்து சென்றதே காரணம்' என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்க. அதைக் கண்டு விரிவுரையாளர் புள்ளியைக் குறைப்பாரானால், அடுத்த வாரம் எழுவர் மூவராகிவிடுவர், பெயரற்ற மூவர். மாறாக, அவ்வெழுவர் யாவர் என்று கேட்டு, மறுவாரம் அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று பார்த்துப் புள்ளியிடுவாரானால், கொடுத்தவரிடம் திரும்பாது எனப்பட்ட கடனில் ஒரு பங்காவது அவர்களிடமே திரும்பும்.

பயிற்சிக் காலத்தின் கடைசி நாளில் வாழ்த்தட்டைகளும் பேனாக்களும் பரிசாக வரும், படம் எடுத்துக்கொள்வர், சில பிள்ளைகள் அழுவதும் உண்டு. அடுத்த திங்கட்கிழமை அவ்வகுப்புக்குள் நுழையப் போகும் பழைய ஆசிரியர், எங்கிருந்து தொடங்குவது என்று அறியாமல் நிற்பார். அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துச் செல்லலாம். இன்னின்ன பாடம் நடந்தது. இன்னாருக்கு இன்னது இன்னும் விளங்கவில்லை. வாசிக்கத் திணறிய இந்த மாணவி, முதல் வரிசைக்கு வந்தபின் சற்றே தேறினாள். அந்தத் தாளை மேற்பார்வையாளர் கேட்கமாட்டார். அதற்குப் புள்ளியும் இராது. எழுதுவதற்கு அரைமணி நேரம் போதும்.