வினையைச் சேர்ப்பவர் யார்?

மிளகும் கராம்பும் விளையும் இரத்தோட்டையில் இருந்துகொண்டு செயலிகளிடையே செய்திகளை வாங்கிச் சேர்க்கும் 'புரோக்கர்' ஆகிய ரேபிட்எம்கியூ சேர்வர் ஒன்றைப் பராமரிக்கிறேன். அனுப்பும் செயலியும் பெறும் செயலியும் ஒன்றையொன்று அறியா. வரிசையை 'டியூரபிள்' என்றும் செய்தியை 'பெர்சிஸ்டென்ட்' என்றும் குறித்து வைத்தால், மழைக்குக் கரண்ட் போய்ச் சேர்வர் திரும்ப எழும்போதும் செய்தி காத்திருக்கும். பெறும் செயலி ஒப்புதல் அனுப்ப வேண்டும் என்று அமைத்திருந்தால், அது அனுப்பிய பிறகே செய்தி அழியும்.

இந்த வேலையில் சைவ சித்தாந்தத்தின் பழைய வழக்கொன்று என்னை விடாமல் பிடித்திருக்கிறது. வினை சடம், செய்தவனைத் தேடிப்போய்ச் சேர அதற்கு அறிவில்லை, சேர்ப்பிக்க இறைவன் வேண்டும் என்பது 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் வழிவந்தோர் வாதம். இடையில் ஒருவர் வேண்டியதில்லை என்றது மீமாம்சை. எங்கள் அயலிலுள்ள பௌத்தர்களும் இறைவனின்றியே கர்மத்தை விளக்குகிறார்கள்.

புரோக்கரும் சடம்தானே, அது சேர்க்கவில்லையா என்று கேட்கலாம். சேர்க்கிறது. ஆனால் ஒப்புதல் வருமுன் எத்தனை செய்திகள் போகலாம் என்ற 'பிரிஃபெட்ச்' எல்லையை இடாவிட்டால், தேங்கிய அத்தனையையும் ஒரே மூச்சில் தள்ளிப் பெறுபவரைத் திணறடித்துவிடும். அவர் தாங்கும் அளவறிந்து அந்த எண்ணை இடுவது நான். அதுபோலவே, சேர்ந்து கிடக்கும் வினையாகிய சஞ்சிதம் மலையாய்க் கிடக்க, இப்பிறவிக்குரிய பிராரத்தம் மட்டும் அளந்து வருகிறது என்கிறது சித்தாந்தம். அளப்பதற்கு, பெறுபவர்மேல் இரக்கமுள்ள அறிவு வேண்டும். இந்த வழக்கில் நான் மெய்கண்டார் பக்கம்.