நிஜமாகவா?

கதையைச் சொல்லி முடித்ததும் குழந்தை கேட்கும் முதல் கேள்வி, "நிஜமாகவா?" என்பதுதான். நரியும் திராட்சையும் பற்றிய கதையானால் சிரித்துச் சமாளித்துவிடலாம். வாழ்ந்து மறைந்த மனிதர் ஒருவரைப் பற்றிய கதையானால் அப்படித் தப்ப முடியாது. சரித்திரத்தைக் குழந்தைகளுக்குச் சித்திரப் புத்தகமாக்க நினைக்கிறவர், பேனாவைத் திறக்கும் முன்பே இந்தக் கேள்விக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார்.

பெரியவர்களுக்கு நாவல் எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நந்தவனத்தில் அரசன் காதலியிடம் பேசியதை யார் ஒட்டுக் கேட்டு எழுதி வைத்தார்கள் என்று வாசகர் வினவுவதில்லை. அது கற்பனை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழந்தையிடம் அப்படி ஓர் உடன்பாடு கிடையாது. நாம் அச்சிட்டுத் தருவதை அது அப்படியே நம்பி வாங்கிக் கொள்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி ஒரு கதை உண்டு. சிறுவன் ஜார்ஜ் அப்பாவின் செர்ரி மரத்தைக் கைக்கோடரியால் வெட்டிவிட்டான். யார் செய்தது என்று அப்பா கேட்டபோது, பொய் சொல்ல மனம் வராமல் உண்மையை ஒப்புக் கொண்டான். அப்பா அவனை அணைத்துக் கொண்டார். இந்தக் கதை எங்கிருந்து வந்தது? வாஷிங்டன் 1799-ல் காலமானார். மறு ஆண்டே வீம்ஸ் என்ற பாதிரியார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில் செர்ரி மரம் இல்லை. 1806-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்த மரம் முளைத்தது! அதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. பொய் சொல்லாதே என்று போதிக்கும் கதையே இட்டுக் கட்டியது என்பதுதான் வேடிக்கை.

பிள்ளைகள் நல்லவர்களாக வளரட்டும் என்றுதானே சொன்னார், அதில் என்ன தவறு என்று கேட்கலாம். வள்ளுவரே பொய்ம்மைக்கும் ஓர் இடம் கொடுத்தவர் அல்லவா? கொடுத்தார், உண்மைதான். ஆனால் அவர் வைத்த நிபந்தனை பெரிது. நன்மை விளைந்தால் போதாது, அது குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். இந்தக் குழந்தை ஒரு நாள் வளர்ந்து, செர்ரி மரம் கட்டுக்கதை என்று அறிந்து கொள்ளும். அன்று அது மரத்தை மட்டுமா சந்தேகிக்கும்? மரத்தோடு சேர்த்துச் சொன்ன நீதியையும் அல்லவா சந்தேகிக்கும்?

எழுத்திலாவது கொஞ்சம் சௌகரியம் உண்டு. 'இருக்கலாம்' என்றும், 'என்று சொல்கிறார்கள்' என்றும் எழுதலாம். சித்திரத்துக்கு அந்த வசதி இல்லை. சட்டைக்கு ஏதாவது ஒரு வர்ணம் பூசியாக வேண்டும். முகத்தில் சிரிப்பையோ அழுகையையோ தீட்டியாக வேண்டும். எழுத்தாளரின் ஊகம் ஓவியரின் கைக்குப் போனதும் சாட்சியமாகிவிடுகிறது. குழந்தைகளுக்கான முதல் சித்திரப் புத்தகம் என்று பலரும் போற்றும் நூலை, 1658-ல் நியூரம்பர்க் நகரில் கொமேனியஸ் வெளியிட்டார். படத்தில் உள்ள பொருளுக்கு ஓர் எண், அதன் பெயருக்கு அருகிலும் அதே எண். படத்தில் உள்ளது உலகத்திலும் உள்ளது என்று குழந்தைக்கு அவர் வாக்குக் கொடுத்தார். இன்றும் குழந்தை அந்த நம்பிக்கையோடுதான் பக்கத்தைப் புரட்டுகிறது.

2016 ஜனவரியில் வாஷிங்டனைப் பற்றி மற்றொரு சித்திரப் புத்தகம் அமெரிக்காவில் வந்தது. அவருடைய சமையற்காரர் ஹெர்குலிஸ், எஜமானரின் பிறந்த நாளுக்குக் கேக் செய்கிறார். ஹெர்குலிஸ் ஓர் அடிமை. சர்க்கரை தீர்ந்துவிட்டது, என்ன செய்வது என்பதுதான் கதை. தந்தையும் மகளும் சிரித்த முகத்தோடு சமையலறையில் வளைய வருகிறார்கள். கண்டனம் எழுந்தது. அந்த மாதத்திலேயே பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

ஹெர்குலிஸ் மெய்யாகவே வாழ்ந்தவர், சமையலில் பெரும் பெயர் பெற்றவர். தம் தொழிலில் அவருக்குப் பெருமையும் இருந்திருக்கலாம். ஆனால் உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. 1797 பிப்ரவரி 22 வாஷிங்டனுக்கு 65-ஆவது பிறந்த நாள். அன்றைய தினம் ஹெர்குலிஸ் மவுன்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பி ஓடினார். குழந்தைகள் அடிமைகளாக அங்கேயே இருந்தார்கள். சில வாரங்களுக்குப் பின் அங்கே விருந்தாளியாக வந்த லூயி பிலிப், பிற்காலத்தில் பிரான்ஸின் மன்னரானவர், தம் நாட்குறிப்பில் ஒரு சம்பவத்தைப் பதிந்து வைத்தார். ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம் அவருடைய பணியாள், இனி அப்பாவைப் பார்க்கவே முடியாதே, வருத்தமாக இருக்குமே என்றானாம். தனக்கு மிகவும் சந்தோஷம் என்றும், அப்பா இப்போது விடுதலை பெற்றுவிட்டார் என்றும் அந்தச் சிறுமி பதில் சொன்னாளாம்.

தப்பிச் சென்ற செய்தி அந்தப் புத்தகத்திலும் இருந்தது, ஆசிரியர் குறிப்பாக, கதைக்கு வெளியே. சிரிப்பு குழந்தைக்கு, உண்மை பெரியவர்களுக்கு என்று பங்கு பிரித்தது போல!

பிஞ்சு மனத்தில் கொடுமைகளை எல்லாம் ஏற்றலாமா என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. சாட்டையடியைப் பக்கம் பக்கமாக வரைய வேண்டியதும் இல்லை. ஆனால் சொல்லாமல் விடுவது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. தாய் குழந்தைக்குச் சோற்றைக் குழைத்துப் பிசைகிறாள், காரத்தைக் குறைக்கிறாள், கவளத்தைச் சிறிதாக்குகிறாள். எவ்வளவு குறைத்தாலும் ஊட்டுவது சோறுதான். மேலும், ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியாது என்று நாம் தயங்குகிற விஷயத்தை, ஆறு வயதுக் குழந்தை ஒருத்தியே அல்லவா சொல்லியிருக்கிறாள்?

அவள் சொன்னதையே சித்திரப் புத்தகமாக்கலாமே. முகத்தை எப்படி வரைவது? சந்தோஷம் என்று சொன்னபோது அவள் கண் கலங்கியதா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததை வரையாமல் இருக்கவும் வழி உண்டு. அவளை முதுகு காட்டி, பாதையைப் பார்த்து நிற்கும்படி வரைந்தால் போதும். "நிஜமாகவா?" என்று குழந்தை கேட்கும்போது, "நிஜமாகத்தான். அவள் முகம் மட்டும் நமக்குத் தெரியாது" என்று அதன் கண்ணைப் பார்த்துச் சொல்லலாம்.