அடுத்தவர் கேட்ட பாட்டு

1950களின் பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். பெரும்பாலான கடைகளுக்குச் சட்டமே பூட்டுப் போட்டது. நாடக அரங்குகள் திறக்கக் கூடாது. சினிமா உண்டு, அதுவும் உள்ளூர் நிர்வாகம் இசைந்த இடத்தில்தான். காலையில் தேவாலயம், பகலில் இறைச்சியும் வேகவைத்த முட்டைக்கோஸும், அதற்குப் பிறகு நகரவே நகராத ஒரு பிற்பகல். 1958 ஏப்ரலில் டோனி ஹான்காக் நடித்து ஒலிபரப்பான ஒரு நகைச்சுவை நாடகத்தில், ஒரு வீட்டில் சிலர் அரைமணி நேரம் ஞாயிறு மதியத்தைக் கழிக்க முடியாமல் தவிப்பதுதான் மொத்தக் கதை. பெருமூச்சு விடுகிறார்கள், நேரம் கேட்கிறார்கள், நெடுநேரம் பேசாமல் இருக்கிறார்கள். கால்ட்டனும் சிம்ப்சனும் எழுதிய அந்த மௌனத்துக்கு அரங்கம் அதிர்ந்து சிரித்தது. கேட்டவர்கள் எல்லாருக்கும் அந்தச் சலிப்பு தெரிந்திருந்தது.

அந்தச் சலிப்புக்கு நடுவில்தான் வானொலி இருந்தது. அந்த ஞாயிறுகளின் ஒலிப்பதிவுகளில் மிஞ்சியவற்றைத் தேடிக் கேட்பது எனக்குப் பல காலப் பழக்கம். ஒருவர் விருப்பத்துக்கு இன்னொருவர் எவ்வளவு நேரம் காது கொடுக்க முடியும் என்ற கேள்விதான் என்னை அவற்றிடம் இழுத்துப் போகிறது.

பிபிசியை உருவாக்கிய ஜான் ரீத் பக்திமான். அவர் காலத்து ஞாயிறு ஒலிபரப்பில் பிரசங்கமும் கனமான இசையும்தான். ஜனங்கள் முள்ளை லக்சம்பர்க் வானொலிப் பக்கம் திருப்பி, விளம்பரத்தோடு வந்த ஆட்டம்பாட்டத்தைக் கேட்டார்கள். போர் வந்தது. முகாமில் குளிரில் கிடக்கும் சிப்பாய்க்கு வாரத்தில் ஏழு நாளும் கலகலப்பு வேண்டும் என்று பிபிசிக்கே புரிந்தது. படையினருக்கென்று 1940இல் தனி அலைவரிசை தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் லைட் புரோகிராம் என்ற பிபிசி அலைவரிசை. 1945 ஜூலை 29 அன்று அது தொடங்கியது. அந்த நாளும் ஒரு ஞாயிறு.

அதில் ஞாயிறு பகல் 12 மணிக்கு ‘ஃபேமிலி ஃபேவரிட்ஸ்’ என்ற நேயர் விருப்ப நிகழ்ச்சி. போர் முடிந்தும் படை முழுதாக வீடு திரும்பவில்லை. ஜெர்மனியில் பிரிட்டிஷ் ராணுவம் நிலைகொண்டிருந்தது. பதினெட்டு வயதுப் பையன்கள் கட்டாய ராணுவச் சேவைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பல வீடுகளில் தொலைபேசி கிடையாது. லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜீன் மெட்காஃப், ஹாம்பர்க் படை வானொலியில் கிளிஃப் மிச்செல்மோர். அம்மா ஒரு தபால் அட்டையில் மகன் பெயரையும் ஒரு பாட்டையும் எழுதி அனுப்புவார். அங்கிருந்து மகனும் அனுப்புவான். ஊர்ப் பெயருக்குப் பதில் ராணுவத் தபால் எண்ணைச் சொல்லிவிட்டு இசைத்தட்டைச் சுழல விடுவார்கள். கம்பி வழியே குரலாக மட்டும் பழகிய அறிவிப்பாளர்கள் இருவரும் காதலித்து, 1950இல் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

லண்டனில் எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அண்ணன் ஜெர்மனியில் இரண்டு ஆண்டு சேவையில் இருந்தவர். அம்மா அட்டை எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தாராம். ஒவ்வொரு ஞாயிறும் முட்டைக்கோஸ் கொதிக்கும் அடுப்பைத் தணித்துவிட்டு, பாத்திரச் சத்தம் போடாதே என்று மகளைக் கையமர்த்துவார். தபால் எண் வாசிக்கப்படும்போது கரண்டி அந்தரத்தில் நிற்கும். எண் வேறு ஆளுடையது என்று தெரிந்ததும் சமையலுக்குத் திரும்பிவிடுவார். ஆனால் வானொலியை அணைக்க மாட்டார். யாரோ ஒரு லீட்ஸ் அம்மாவின் மகனுக்கான பாட்டு முடியும்வரை கேட்பார். “அந்தப் பையன் இப்போ கேட்டுட்டு இருப்பான் இல்லையா?” என்பாராம். அவர்கள் வீட்டு அட்டை கடைசிவரை வாசிக்கப்படவே இல்லை.

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதிலேயே மனம் நின்றுவிட்டது. ஒரு கோடிப் பேருக்கு மேல் கேட்ட நிகழ்ச்சி அது. அட்டை போட்டவர்களில் மிகச் சிலருக்கே முறை வந்திருக்கும். மற்றவர்கள் கேட்டதெல்லாம் அடுத்தவர் ஏக்கத்தை. தான் கேட்காத பாட்டை, தனக்குப் பிடிக்காத பாட்டைக்கூட, அது இன்னொருவருக்கு எதற்காகவோ வேண்டியிருக்கிறது என்று தெரிந்து கேட்டிருக்கிறார்கள். பாட்டோடு ஒரு பெயர் வந்தது, ஒரு உறவு வந்தது. பிடிக்காத பாட்டைப் பொறுத்துக்கொள்ள அந்தப் பெயரே போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நிகழ்ச்சி ஓய்ந்ததும் 1.30க்கு பில்லி காட்டன் “வேக்கி வேக்கி!” என்று கத்திக்கொண்டு தன் வாத்தியக் குழுவோடு வருவார். உருக்கமெல்லாம் அதோடு சரி. அழுகையும் அமளியும் ஒரே சாப்பாட்டு மேசையில், ஒரே பெட்டியிலிருந்து. பாட்டிக்கும் பேரனுக்கும் தனித்தனி ஏற்பாடு இல்லை.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நிலையம் இயங்கியது. போர் முடிந்தபின் அதன் வசதிகள் ரேடியோ சிலோனுக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் யாழ்ப்பாணத்திலும் நேயர் விருப்பத்தில் ஊரும் பெயருமாக வாசிக்கப்பட்ட நீண்ட பட்டியல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, லீட்ஸ் அம்மாவின் மகனுக்குப் பாட்டு ஒலித்த அந்த நேரம் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்மைதான். அந்தப் பொறுமையில் பாதி வேறு வழியின்மை. கடையும் அரங்கும் திறந்திருந்தால் எத்தனை பேர் அந்தப் பெட்டியருகே உட்கார்ந்திருப்பார்கள்? பக்தி இல்லாதவர்மீதும் பக்தியின் ஓய்வுநாள் சுமத்தப்பட்டது. சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் பாட்டுக் கேட்டபோது பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். அவர்களுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. அந்தப் பூட்டிய ஊர் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். இளைஞர்களும் கேட்கவில்லை, 1964இல் கடலில் கப்பலை நிறுத்தி நாள் முழுக்கப் பாப் இசை ஒலிபரப்பியவர்கள் பக்கம் போனார்கள். 1967இல் லைட் புரோகிராமே முடிந்து, இளையவர்களின் இசைக்கு ரேடியோ 1, மற்றவர்களுக்கு ரேடியோ 2 என்று பிபிசி பிரித்துக் கொடுத்தது. நியாயமான ஏற்பாடு. அந்த இளைஞர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஆனால் அந்தப் பிரிவினையின் கடைசிப் படியில் இப்போது நாம் நிற்கிறோம். எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு காதொலிப்பான்கள். ஒருவர் பாட்டு இன்னொருவருக்குத் தெரியாது. பிடிக்காத பாட்டை முதல் பத்து நொடியில் தள்ளிவிடலாம். கட்டாயம் போனதோடு, பிறர் பாட்டை முழுக்கக் கேட்கும் பழக்கமும் ஏன் போக வேண்டும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒன்றில்லாமல் இன்னொன்று சாத்தியமா? எனக்கு நிச்சயமில்லை. செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

அதனால் இப்போது ஞாயிறு மதியம் சாப்பிடும்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. ஆளுக்கு ஒரு பாட்டு. தனக்காகக் கேட்கக் கூடாது, மேசையில் இருக்கும் இன்னொருவருக்காகக் கேட்க வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. போன வாரம் மகன் பாட்டிக்காக ஒரு ராப் பாட்டைப் போட்டான். ஊரைவிட்டு வந்தவன் பாடுவது, அப்பம்மாவுக்குப் புரியும் என்றான். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நாலு நிமிஷமும் தட்டைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, “இவன் எந்த ஊர்ப் பிள்ளை?” என்று கேட்டார். மகன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.