கணக்கை மூடிட்டேன்... கணக்கு தீர்ந்துச்சா முருகா?

ஓம் சரவணபவ!

இது அற்புதம் நடந்த கதை இல்லை. எனக்குள்ள சில மாசமா ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வி. உங்கள்ல சிலருக்கும் இது இருக்கும்னு தோணுது, அதனால எழுதுறேன்.

எனக்கு ஊர் சாத்தான்குளம். திருச்செந்தூருக்கு பஸ்ல சுமார் ஒரு மணி நேரம். பச்சை வேட்டி கட்டி நடந்தே செந்திலாண்டவரைப் பார்க்கப் போற கூட்டத்துல நானும் ஒருத்தன். ராத்திரி ரெண்டு மணி வரை போர்வைக்குள்ள போனை வச்சிக்கிட்டு துப்பாக்கி விளையாட்டு விளையாடினவனும் நான்தான். நாலு வருஷம்.

விளையாட்டு இலவசம். ஆனா ஆளுக்கு உடுப்பு, துப்பாக்கிக்கு நிறம், அதிர்ஷ்டப் பெட்டி எல்லாத்துக்கும் டாப்-அப் பண்ணணும். 80 ரூபாய், 160 ரூபாய்னு சின்னச் சின்னதா போகும். அப்பா சென்னையில பலசரக்குக் கடையில வேலை பார்க்காங்க. என் கையில காசு கிடையாது. ஆனா அம்மா போன்ல யுபிஐ போட்டுக் கொடுத்தது நான்தான், ரகசிய எண்ணும் எனக்குத் தெரியும். அம்மா கணக்குல மாசா மாசம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் விழும். 2023 செப்டம்பர்ல அந்தத் திட்டம் தொடங்கினதுல இருந்தே, தங்கச்சி காலேஜ் சேரும்போது ஆகும்னு அம்மா அதைத் தொடாம வச்சிருந்தாங்க. அதுலதான் கை வச்சேன். வர்ற மெசேஜை உடனே அழிச்சிடுவேன். "என்னய்யா, பணம் குறையுது?"ன்னு ஒருநாள் அம்மா கேட்டதுக்கு, "பேங்க்ல ஏதாவது பிடிச்சிருப்பாங்கம்மா"ன்னேன். அம்மா நம்பிட்டாங்க.

விட்டுடணும்னு மூணு தடவை விளையாட்டை போன்ல இருந்து தூக்கினேன். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. போன்ல இருந்து தூக்கினா ஆப் மட்டும்தான் போகும். நம்ம லெவல், உடுப்பு, நண்பர்கள் எல்லாம் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும். திரும்ப இறக்கி உள்ள நுழைஞ்சா, விட்ட இடத்துல இருந்தே தொடரலாம். அது விரதம் மாதிரி, எப்ப வேணும்னாலும் முடிச்சிக்கலாம். கணக்கையே நிரந்தரமா மூடுறது உண்டியல்ல போடுற மாதிரி.

2024 டிசம்பர்ல திருப்போரூர் கந்தசுவாமி கோயில்ல நடந்தது ஞாபகம் இருக்கா? ஒரு பக்தரோட ஐபோன் தவறி உண்டியல்ல விழுந்துட்டு. கேட்டப்ப, உண்டியல்ல விழுந்தது சாமிக்குத்தான், வேணும்னா உள்ள இருக்கிற தகவல்களை மட்டும் எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. 'பாளையத்து அம்மன்' படத்தோட சேர்த்து எல்லாரும் மீம் போட்டோம். எனக்கு அப்பவே தோணுச்சு, நானும் திரும்ப எடுக்க முடியாதபடி ஒண்ணைப் போட்டாத்தான் பிழைப்பேன்னு.

போன ஐப்பசி, கந்த சஷ்டி முதல் நாள். காப்புக் கட்டிக்கிட்டு கணக்கை மூடுற பட்டனை அழுத்தினேன். உடனே மூட மாட்டான். என் விளையாட்டுல ஒரு வாரம் காத்திருக்கணும். நடுவுல ஒரு தடவை உள்ள நுழைஞ்சாலும் மூடச் சொன்னது ரத்தாயிடும்.

அந்த ஒரு வாரத்துல சூரன் எத்தனை தலை மாத்தினான்னு நினைக்கிறீங்க! "விளையாட வேண்டாம், நண்பர்கள்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துடு"ன்னு ஒரு தலை. அதை வெட்டினா, "இவ்வளவு செலவு பண்ணின ஐடி, சும்மா அழிக்கிறியே, வித்துடு"ன்னு இன்னொரு தலை. உண்மையிலேயே ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன், "அண்ணே, மூவாயிரம் தாரேன், எனக்குத் தாங்க"ன்னு கேட்டான். அந்தப் பணத்தை அம்மா கணக்குல போட்டுடலாமேன்னு மனசு நியாயம் பேசுச்சு. ஆனா அந்தப் பையனுக்கு மூவாயிரம் எங்க இருந்து வரும்? அவங்க அம்மா போன்ல இருந்துதான். என் கடனை அடைக்க இன்னொரு வீட்டுல திருட்டை ஆரம்பிச்சு வைக்கிறதா? வேண்டாம்ல, நீயும் இதுல மாட்டாதன்னு சொல்லிட்டேன்.

கூடப் படிக்கிற நண்பன் வேற மாதிரி கேட்டான். "ஏல, உண்மையான கட்டுப்பாடு இருந்தா போன்ல வச்சிக்கிட்டே தொடாம இருக்கணும். மூடிட்டு ஓடுறது பயம்தான?" நியாயமான கேள்வி. அவனுக்கு நான் சொன்னது இதுதான்: சஷ்டிக்கு எத்தனையோ பேர் வீட்டை விட்டுட்டு திருச்செந்தூர்ல ஆறு நாள் தங்கி விரதம் இருக்காங்க. வீட்டுல அடுப்படி இருக்கு, அதனாலதான் கிளம்பி வர்றாங்க. அவங்களைப் பயந்தாங்கொள்ளின்னா சொல்லுவோம்? தன் பலவீனம் எதுன்னு தெரிஞ்சு விலகி நிக்கிறதும் கட்டுப்பாடுதான். உலக சுகாதார நிறுவனமே இந்த விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியல்ல சேர்த்து, அது 2022ல இருந்து நடைமுறையில இருக்கு. நோய்னு ஆன பிறகு வீம்பு எதுக்கு?

அரசாங்கம் மூடினாத்தான் என்னன்னும் சிலர் கேப்பாங்க. பணம் கட்டி ஆடுற ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டுல 2022லயே சட்டம் வந்துச்சு. நடுராத்திரி 12 மணியில இருந்து காலை 5 மணி வரை உள்ள நுழையக் கூடாதுன்னு 2025ல விதி போட்டாங்க, அந்த ஜூன் மாசம் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிட்டு. ஆகஸ்ட்ல மத்திய அரசு பண விளையாட்டையே தடை பண்ணி சட்டம் கொண்டு வந்துச்சு. ஆனா என் விளையாட்டுல பந்தயம் கிடையாது, ஜெயிச்சா பணமும் வராது. அதனால அந்தத் தடை அதுக்கு இல்லை. இந்தக் கதவை நான்தான் சாத்தணும்.

இனிதான் என் கேள்வி. மூடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை வந்துச்சு: உங்கள் வாங்கல் விவரங்கள் உட்பட எல்லாம் அழிந்துவிடும், மீட்க முடியாது. அதைப் படிச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்துட்டேன். நான் திருந்துறேனா, தடயத்தை அழிக்கிறேனா? அம்மா பாஸ்புக்ல வரி போட்டு ரொம்ப நாள் ஆச்சு. மெசேஜ் எல்லாம் நான் அழிச்சாச்சு. இதுவும் போயிட்டா, கண்ணு முன்னால சாட்சின்னு ஒண்ணும் இல்லை. முருகன்கிட்ட "விட்டுட்டேன்ப்பா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு நல்ல பிள்ளையா நடமாடலாம்.

முருகன் மன்னிப்பான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா எடுத்தது அம்மா பணம். அம்மாகிட்ட வாங்க வேண்டிய மன்னிப்பை முருகன்கிட்ட வாங்கிட்டு வந்தா, அது பக்தியா, குறுக்குவழியா?

பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, பழைய டாப்-அப் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஒரு நோட்டுல எழுதினேன். கூட்டினா 11,640 ரூபாய். கை நடுங்கிட்டு.

சூரசம்ஹாரம் முடிஞ்சு, மறுநாள் திருக்கல்யாணம் பார்த்து அம்மா விரதம் முடிச்ச பிறகு அந்த நோட்டைக் கையில கொடுத்தேன். அடிப்பாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "பேங்க்ல அந்தப் பிள்ளையைப் போய் ஏசிட்டு வந்தேனேய்யா. அது பாவம், ஒண்ணும் பிடிக்கலம்மான்னு எத்தனை தடவை சொல்லுச்சு"ன்னாங்க. அது எனக்குத் தெரியவே தெரியாது. என் நோட்டுல எழுதாத ஒரு கடன் அங்க இருந்திருக்கு.

அடுத்த வாரம் ரெண்டு பேரும் பேங்க்குக்குப் போனோம். அந்த அக்காகிட்ட நான்தான் பேசினேன். சிரிச்சிக்கிட்டே "சரி தம்பி, போயிட்டு வாங்க"ன்னாங்க. அம்மா நிமிர்ந்தே பார்க்கலை.

சூரனை முருகன் அழிச்சிடலை, மயிலாவும் சேவலாவும் கூடவே வச்சிக்கிட்டான்னு சின்ன வயசுல இருந்து கேக்குறோம். அதை இப்ப வேற மாதிரி நினைக்கிறேன். கணக்கு அழிஞ்சிட்டு, ஆனா அதை வச்சிருந்தவன் அழியலை. ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னும் முழிப்பு வருது. கை போனைத் தேடுது. அவனுக்கு ஏதாவது வேலை கொடுத்தாகணும். இப்ப சனி, ஞாயிறு ஒரு மொபைல் கடையில நிக்கிறேன். மாசம் ஆயிரம் அம்மா கணக்குல போடுறேன். நாலு மாசம் ஆச்சு, இன்னும் 7,640 பாக்கி. அம்மா முன்ன மாதிரி பேசுறாங்க. ஆனா பணம் போட்டேன்னு சொன்னா, மெசேஜைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கிறாங்க. அது எனக்கு வலிக்குது, ஆனா அதுதான் நியாயம்.

தம்பி தங்கச்சிகளே, மூடணும்னு நினைச்சா மூடிடுங்க, தள்ளிப் போடாதீங்க. தனியா முடியலைன்னா 14416 டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ஆனா மூடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கோங்க. யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு. அதை முதல்ல அவங்ககிட்ட காட்டிட்டு, அப்புறம் அப்பன் சந்நிதிக்கு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
செந்திலாண்டவனுக்கு அரோகரா!