ஒரு மார்க் ஜரிகை

காலை ஆறரை. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் தொடங்கிவிட்டது. நேற்று அங்கே போனபோது நெசவாளர் அண்ணன் ஜரிகைக் கட்டு ஒன்றை என் கையில் வைத்தார். ஒரு மார்க், 242 கிராம். பட்டு இழைமேல் வெள்ளி சுற்றி, அதன்மேல் பொன்முலாம். தங்கம் ஒரு சதவீதம்கூட இராது. “மின்னுறது அந்தத் துளிதான் தம்பி” என்றார்.

*

அந்தத் துளி ராத்திரி தூங்கவிடவில்லை. தங்கம் என்றதும் நினைவுக்கு வந்தது பிரேசிலின் வடகோடியில் இருக்கும் யானோமாமி பழங்குடி மக்களின் காடு, ஏறக்குறைய 96 லட்சம் ஹெக்டேர். 1992இல் அரசே அதற்கு அவர்களுக்கென்று எல்லை வகுத்தது. எல்லை தாண்டி வந்தவர்கள் ஆற்றங்கரையைத் தோண்டி, பாதரசம் விட்டுத் தங்கம் பிரித்தார்கள். பாதரசம் மீனுக்குள் போயிற்று. மீன் தின்ற பிள்ளைகளுக்குள்ளும் போயிற்று. பசியும் மலேரியாவும் சேர்ந்துகொள்ள, 2023 ஜனவரியில் மருத்துவ அவசரநிலை. எங்கள் ஜரிகைக்கும் அந்த ஆற்றுக்கும் முடிச்சுப் போடவில்லை. தங்க ஆசை எங்கள் தெருவிலும் உண்டு, அவ்வளவுதான்.

அதே காட்டில் கோகோ தானாக வளர்ந்து நிற்கிறது. 2018இல் உராரிக்கோயேரா ஆற்றோரம் அங்கேயே வாழும் யெகுவானா மக்களும் யானோமாமி மக்களும் கூடி, கொட்டையைப் புளிக்கவைத்து உலர்த்தப் பழகினார்கள். மறு ஆண்டே அவர்களுடைய கோகோவில் செய்த சாக்லேட் விற்பனைக்கு வந்தது. சுரங்கத்துக்குக் கூலியாகப் போகிற பையனுக்கு வேறொரு காசு. அதுவும் மரம் நின்றால்தான் வரும். சின்னக் கணக்கு. எனக்குப் பிடித்திருக்கிறது.

*

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் கோகோவைக் கிட்டத்தில் பார்த்தேன். பூ கிளை நுனியைத் தேடவில்லை. பலா காய்ப்பதுபோல அடிமரத்திலேயே, மூக்குத்தி அளவில். மகரந்தம் சேர்ப்பது கொசுவைவிடச் சிறிய பூச்சி. அது பெருகுவது கீழே மட்கும் சருகில். தோப்பைச் சுத்தமாகக் கூட்டி எரித்தால் காய்ப்பு குறையும்!

ஆனாலும் தென்னை நிழல் காட்டு நிழல் ஆகாது. மேலே ஆனைமலையில் இருக்கும் காடர் பழங்குடியினருக்கு இந்தத் தோப்புகளில் பங்கும் இல்லை. “காட்டைக் காக்கும் சாக்லேட்” என்று உறையில் அச்சடிக்கிறவர்கள் எந்தக் காடு, யாருடைய காடு என்பதையும் சேர்த்து அச்சடிக்கட்டும்.

*

கொண்டுவந்த காயை உடைத்தேன். வெள்ளைச் சதைக்குள் 38 விதை. சதை புளிப்பும் தித்திப்பும்; விதையைக் கடித்தால் வெறும் கசப்பு. ஆறு விதையைக் கிணற்றடி வாழை நிழலில் ஊன்றினேன். மூன்று வாரம் ஆயிற்று. முளைத்தது இரண்டு.